ஒன்லைன்ல சாமான் ஏத்த முதல் சட்டப் பக்கத்தப் பாருங்க: திருகோணமலைல இருந்து விக்க வாற புது ஆக்களுக்கு

எங்கட வீட்டு அலுமாரிக்கு மேல ஒரு ஷொப்பிங் பேக் நிறைய லேபல் கிடக்கு, ஆயிரம் அடிச்சதில முந்நூறு ஒட்டினது போக மிச்சம். நல்ல சிவப்பு, நல்ல பேப்பர், வறுத்த மிளகாய்த்தூள் எண்டு வடிவா எழுதியிருக்கும், ஆனா தொகுதி இலக்கம் போட இடம் இல்ல, செய்த திகதி இல்ல, பேர் தமிழ்லயும் இங்கிலீஷ்லயும் மட்டும்தான், சிங்களம் இல்ல. பி.எச்.ஐ (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) ஐயா ஒரு பக்கெட்டக் கையில எடுத்து முன்னுக்கும் பின்னுக்கும் திருப்பிப் பாத்திட்டு, இத வெளிய குடுக்காதீங்க எண்டு சொன்னார். அப்ப லிஸ்டிங் போட்டு ஒன்பது நாள், கொழும்பில இருந்தும் கண்டில இருந்தும் ஓடர் வரத் தொடங்கியிருந்தது, எல்லாத்தையும் கான்சல் பண்ணி ஒவ்வொரு ஆளுக்கும் மன்னிப்புக் கேட்டு மெசேஜ் போட்டது எனக்கு இப்பயும் ஞாபகம் இருக்கு.

அதால இத எழுதுறன். ஒரு விசயத்த முதல்லயே பிடிச்சுக்கொள்ளுங்க: தராஸ், இக்மன் மாதிரி ஒன்லைன் விக்கிற தளமோ ஃபேஸ்புக் பேஜோ உங்கட லிஸ்டிங்க ஏத்துக்கொண்டது வேற, சட்டம் உங்கட பொருள ஏத்துக்கொண்டது வேற. தளத்துக்காரர் பாக்கிறது அவங்கட விதிய மட்டும். பிரச்சின வந்தா பி.எச்.ஐயும் பாவனையாளர் அதிகார சபையும் தேடி வாறது விக்கிற ஆளத்தான், நீங்க எங்க போட்டு வித்தீங்க எண்டுறது அவங்களுக்குப் பெரிய விசயம் இல்ல.

பொருளக் கையில வைச்சுக் கேக்க வேண்டிய கேள்விகள்

புதுசா வாற ஆக்கள் என்னட்ட முதல்ல கேக்கிறது "அக்கா என்ன என்ன லைசென்ஸ் வேணும்" எண்டுதான். அப்பிடிப் பொதுவாச் சொல்ல ஏலாது, லைசென்ஸ் பொருளப் பொறுத்தது. பொருள மேசைல வைச்சிட்டு இப்பிடிக் கேளுங்க. இது வாய்க்குள்ள போற சாமானா? தோல்ல பூசுறதா? கரண்ட்ல ஓடுறதா? சிம் போடுற இல்லாட்டி வைஃபை, புளூடூத் இருக்கிற சாமானா? வருத்தம் மாத்தும் எண்டு சொல்லி விக்கிறதா? கடல்ல இருந்தோ காட்டில இருந்தோ எடுத்ததா? ஒவ்வொரு "ஓம்"க்கும் ஒரு திணைக்களம் இருக்கு. ஒண்டுக்கும் ஓம் இல்லாட்டி, உதாரணத்துக்கு நீங்க துணிப் பை தைச்சு விக்கிறீங்க எண்டா, வேல நல்லாக் குறைஞ்சிரும், வியாபாரப் பதிவு, வரி, பாவனையாளர் சட்டம், அவ்வளவுதான்.

வியாபாரப் பேர்

சொந்தப் பேர் இல்லாம வேற ஒரு பேர்ல வியாபாரம் செய்யிறீங்க எண்டா அந்தப் பேரப் பதியணும். இது 1918ஆம் ஆண்டு வியாபாரப் பெயர் கட்டளைச் சட்டத்தில இருந்து வாற விசயம், இப்ப மாகாணத்துக்குக் கீழ நடக்குது, நீங்க போக வேண்டியது உங்கட பிரதேச செயலகத்துக்கு. டவுன் ஆக்கள் எண்டா பட்டினமும் சூழலும் பிரதேச செயலகம், கிண்ணியா, மூதூர், தம்பலகாமம், குச்சவெளி ஆக்களுக்கு அந்தந்த செயலகம். படிவம் அங்க எடுக்கலாம், ஜி.எஸ்ஸிட்ட (கிராம சேவகர்) உறுதிப்படுத்தி, ஐடி கொப்பி, வியாபாரம் நடக்கிற இடத்தின்ர உறுதி இல்லாட்டி வாடகை ஒப்பந்தம், வேற ஆளின்ர வீடு எண்டா அவரிட்ட ஒரு சம்மதக் கடிதம். வீட்டில இருந்து செய்யிறதுக்கும் பதியலாம், கடை வேணும் எண்டு இல்ல. பதிவு வந்தாத்தான் அந்தப் பேர்ல பேங்க் கணக்குத் திறக்கலாம், ஒன்லைன் தளங்களும் செல்லர் கணக்குக்கு அதக் கேக்கும்.

ஒரு விசயம் கனபேர் பிழையா விளங்கி வைச்சிருக்காங்க. வியாபாரப் பேர் பதிஞ்சதால அந்த பிராண்ட் உங்கட சொத்து ஆகாது. அது வேற பதிவு, 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டத்துக்குக் கீழ, கொழும்பில இருக்கிற தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில வியாபாரக் குறி எண்டு பதியணும், பதிஞ்சா 10 வருசம், பிறகு புதுப்பிக்கலாம். முதல் நாளே அதுக்குக் காசு செலவழிக்கச் சொல்லி நான் சொல்ல மாட்டன், ஆனா அந்தப் பேர்ல ஏற்கனவே வேற ஆள் குறி பதிஞ்சிருக்கா எண்டு லேபல் அடிக்க முதல் தேடிப் பாருங்க.

அதோட உங்கட உள்ளூராட்சி சபைல வியாபார அனுமதிப்பத்திரம் வேணுமா எண்டும் கேளுங்க. உணவு செய்யிற ஆக்களுக்குக் கட்டாயம் கேப்பாங்க. அது ஒரு வருசத்துக்குத்தான், டிசம்பர் 31 ஓட முடியும்.

சாப்பாட்டுச் சாமான்: இதுதான் எங்கட ஊர்ல கூட

திருகோணமலைல இருந்து ஒன்லைன்ல போறது பெரும்பாலும் சாப்பாட்டுச் சாமான்தான். கருவாடு, மிளகாய்த்தூள், மாசி, பனங்கட்டி, தேன், ஊறுகாய், முருங்கையிலைத் தூள். இதெல்லாம் 1980ஆம் ஆண்டு 26ஆம் இலக்க உணவுச் சட்டத்துக்குக் கீழ வரும். வீட்டுக் குசினில செய்தாலும் விக்கிறதுக்குச் செய்யிறீங்க எண்டா அந்த இடம் சட்டத்தின்ர கண்ணுக்கு உணவு செய்யிற இடம். உங்கட பகுதி சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைல, நாங்க எம்.ஓ.எச் ஒபிஸ் எண்டு சொல்லுறது, இடத்தப் பதியணும், பி.எச்.ஐ வந்து பாப்பார்.

பி.எச்.ஐ எண்டாப் பயப்பிடுற ஆக்கள் கூட. நானும் முதல் பயந்துதான் போகாம இருந்தன், அதுதான் நான் விட்ட பெரிய பிழை. நீங்களாப் போய் "ஐயா நான் இப்பிடி ஒண்டு தொடங்கப் போறன், வந்து பாத்து என்ன செய்யணும் எண்டு சொல்லுங்க" எண்டு கேட்டா அவங்க சொல்லித் தருவாங்க. எங்கட வீட்டுக்கு வந்தவர் பாத்தது இதுகளத்தான்: தண்ணி எங்க இருந்து வருது, கிணறு எண்டா மலசலகூடக் குழில இருந்து எவ்வளவு தூரம், மிளகாய் காயப் போடுற இடத்தில நாய் கோழி வருமா, தூள நிலத்தில வைக்கிறீங்களா பலகைக்கு மேல வைக்கிறீங்களா, தலைக்கு என்ன போடுறீங்க, அரைக்கக் குடுக்கிற மில்லுக்குப் பதிவு இருக்கா. கடைசிக் கேள்விய நான் யோசிச்சதே இல்ல. நாங்க சுத்தமாக் காய வைச்சுக் குடுக்க, மில்லில எங்களுக்கு முன்னுக்கு ஆர் என்ன அரைச்சாங்க எண்டு எங்களுக்குத் தெரியாது. இப்ப விடியப் போய் முதல் ஆளா அரைப்பிக்கிறம், முதல் வாற ஒரு கிலோவ விக்கிறதுக்கு எடுக்கிறதில்ல.

இப்ப லேபல். ஒரு பக்கெட்ட முன்னுக்கு வைச்சுக்கொண்டு வாசியுங்க. முன் பக்கத்தில பொருளின்ர பேர், பிராண்ட் பேர் இல்ல, பொருள் என்ன எண்டுற பேர், அதச் சிங்களம் தமிழ் இங்கிலீஷ் மூண்டிலயும் போட்டிருங்க. தேறிய நிறை கிராம்ல. பிறகு சேர்மானங்கள், எது கூட இருக்கோ அது முதல்ல. நிறமூட்டி, பதனப் பொருள் ஏதும் சேத்திருந்தா அதுவும், ஒண்டும் சேக்காட்டி நல்லது. செய்த திகதி, காலாவதித் திகதி, தொகுதி இலக்கம். செய்த ஆளின்ர பேரும் விலாசமும். எப்பிடி வைச்சுப் பாவிக்கணும் எண்டு ஒரு வரி. ஆகக்கூடிய சில்லறை விலை. பானம் எண்டா 2016ல இருந்து சீனி அளவுக்கு சிவப்பு, மஞ்சள், பச்சை நிற அடையாளம் வேற இருக்கு, நெல்லி ஜூஸ் நன்னாரி எண்டு செய்யிற ஆக்கள் இத மறக்காதீங்க.

தொகுதி இலக்கம் எண்டா என்னவோ பெரிய கம்பனிக்காரர் போடுறது எண்டு நினைக்காதீங்க. நாங்க ஒரு கொப்பி வைச்சிருக்கிறம். ஒருநாள் வறுத்து அரைச்சது ஒரு தொகுதி. அதுக்கு ஒரு நம்பர், பக்கத்தில மிளகாய் எந்தக் கடைல எடுத்தது, எத்தின கிலோ, எத்தின பக்கெட், எந்த எந்த ஓடருக்குப் போனது. ஒருக்கா ஒரு அக்கா வவுனியால இருந்து தூள்ல வண்டு எண்டு போட்டோ அனுப்பினா. நம்பரக் கேட்டு கொப்பியத் திறந்து அந்தத் தொகுதில போன பதினேழு பேருக்கும் அண்டைக்கே சொல்ல முடிஞ்சது. கொப்பி இல்லாட்டி எல்லாருக்கும் சொல்லியிருக்கணும், இல்லாட்டி ஒருத்தருக்கும் சொல்லாம இருந்திருப்பன், ரெண்டும் கூடாது.

காலாவதித் திகதிய வாயில வந்தபடி போடக் கூடாது. "ஒரு வருசம் போடுவம், எல்லாரும் அப்பிடித்தான் போடுறாங்க" எண்டு ஆராவது சொன்னாக் கேக்காதீங்க. நீங்களே பக்கெட் பண்ணி மாசத்துக்கு ஒண்டு உடைச்சுப் பாருங்க, எங்கட ஊர் வெக்கையும் கடல் ஈரமும் கொழும்பு ஏசி சுப்பர் மார்க்கட் மாதிரி இல்ல. கருவாடு எண்டா இன்னும் கவனம். வசதி வந்தா கொழும்பில இருக்கிற கைத்தொழில் தொழில்நுட்ப நிறுவனத்துக்கு, ஐ.டி.ஐ எண்டு சொல்லுறது, மாதிரி அனுப்பி ஈரப்பதன், கிருமி எல்லாம் பரிசோதிக்கலாம், அந்த அறிக்கை உங்கட கையில இருக்கிறது பெரிய பலம்.

தராசும் சட்டத்துக்குள்ள வருது. 1995ஆம் ஆண்டு 35ஆம் இலக்கச் சட்டம் ஒண்டு இருக்கு, வியாபாரத்துக்குப் பாவிக்கிற தராசு வருசா வருசம் பரிசோதிச்சு முத்திரை குத்தியிருக்கணும். ஒன்லைன்ல வாங்கின சின்ன குசினித் தராச வைச்சு நிறுத்து விக்கிறது சரி வராது. அதோட, பக்கெட்டையும் சேத்து நிறுக்காதீங்க. எங்கட வெறும் பக்கெட் எட்டுக் கிராம், அதோட சேத்து 250 எண்டா உள்ளுக்கு 242 தான் இருக்கு, வாங்குற ஆளுக்கு எட்டுக் கிராம் குறையுது. முதல் வெறும் பக்கெட்ட வைச்சு சைபர் ஆக்கிப்போட்டு நிறுக்கணும்.

பக்கெட் பத்தியும் ஒரு வசனம்: 2021 மார்ச் 31ல இருந்து 20 கிராமுக்கு உட்பட்ட சின்ன சாஷே பக்கெட்டுகளுக்குத் தடை இருக்கு, உணவுக்கும் மருந்துக்கும் விலக்கு. ஆனா நீங்க ஷம்பூவோ சவர்க்காரத் தூளோ சின்னதா சம்பிள் அடிக்கப் போறீங்க எண்டா அது உங்களுக்கும்தான். 2023 ஒக்டோபர்ல இருந்து பிளாஸ்டிக் ஸ்ட்ரோ, கரண்டி, முள்ளுக்கரண்டி, இடியப்பத் தட்டும் தடை. கிப்ட் ஹம்பர் செய்யிற ஆக்கள் உள்ளுக்கு பிளாஸ்டிக் கரண்டி வைச்சு அனுப்புறதக் கண்டிருக்கிறன்.

எழுதுறதுக்கும் சட்டம் இருக்கு

முருங்கையிலைத் தூள் விக்கிற ஒரு தங்கச்சி "சுகர் குறையும், பிரஷர் குறையும்" எண்டு எழுதி வைச்சிருந்தா. பொருள் நல்லது, எழுத்துத்தான் பிழை. சாப்பாட்டுச் சாமான வருத்தத்துக்கு மருந்து மாதிரி விளம்பரம் பண்ண ஏலாது. மருந்து எண்டே விக்கப் போறீங்க எண்டா பாதை வேற, ஆயுர்வேதம் சித்தம் எண்டா 1961ஆம் ஆண்டு ஆயுர்வேதச் சட்டத்துக்குக் கீழ ஆயுர்வேதத் திணைக்களத்தின்ர அனுமதி, மேல்நாட்டு மருந்து, மருத்துவ உபகரணம் எண்டா 2015ஆம் ஆண்டு 5ஆம் இலக்கச் சட்டத்தில வந்த தேசிய ஒளடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகார சபை. ரெண்டும் இல்லாம "சுகர் குறையும்" எண்டு போட்டா அத நம்பி ஒரு அம்மா குளிசைய விட்டிட்டா எண்டா என்ன நடக்கும் எண்டு யோசியுங்க. அந்தத் தங்கச்சி அடுத்த நாளே அழிச்சிட்டா, "முருங்கையிலை, நிழல்ல காய வைச்சது" எண்டு மட்டும் போட்டிருக்கிறா, விக்குது.

"ஓர்கானிக்", "ஹலால்", "எஸ்.எல்.எஸ்" (இலங்கைத் தர நிர்ணய அடையாளம்) இந்த மூண்டும் சான்றிதழ் கையில இருந்தாத்தான் எழுதணும். 2003ஆம் ஆண்டு 9ஆம் இலக்க பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின்ர 30ஆம், 31ஆம் பிரிவுகள் ஏமாத்துற விதமா நடக்கிறதயும் பொய்யாச் சொல்லி விக்கிறதயும் குற்றம் ஆக்குது. "இன்னும் ரெண்டுதான் மிச்சம்" எண்டு அலுமாரி நிறைய வைச்சுக்கொண்டு போடுறதும், இருக்காத பழைய விலைய வெட்டிக் காட்டுறதும் இதுக்குள்ள வரக்கூடிய விசயங்கள்தான். வேற ஆளின்ர பேஜ்ல இருந்து போட்டோ எடுத்துப் போடாதீங்க, அது அவங்கட சொத்து. போன் கமரா போதும், காலம ஜன்னல் வெளிச்சத்தில வைச்சு எடுங்க.

சாப்பாடு இல்லாத சாமான்

எலக்ட்ரோனிக் விக்கிற தம்பிமாருக்கு. போன், ரவுட்டர் மாதிரி சாமான் விக்க தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவில விற்பனையாளர் அனுமதி எடுக்கணும், 1991ஆம் ஆண்டு 25ஆம் இலக்கச் சட்டம். போன்ட ஐ.எம்.ஈ.ஐ நம்பர, ஒவ்வொரு போனுக்கும் இருக்கிற தனி அடையாள நம்பர், 1909க்கு எஸ்.எம்.எஸ் அனுப்பிப் பதிவில இருக்கா எண்டு பாக்கலாம், ஸ்டொக் எடுக்கக்குள்ளயே ஒவ்வொண்டாப் பாருங்க, வித்த பிறகு பாத்துப் பிரயோசனம் இல்ல. 13 அம்பியர் பிளக், மோட்டர்சைக்கிள் ஹெல்மெட், போத்தல் தண்ணி, டின்மீன் இதுகளெல்லாம் எஸ்.எல்.எஸ் அடையாளம் கட்டாயமான பட்டியல்ல இருக்கிற சாமான்கள், மலிவா வருது எண்டு அடையாளம் இல்லாததத் தூக்கி விக்காதீங்க. இ-சிகரட் பக்கமே போக வேணாம், 2016ல இருந்து விக்கத் தடை.

முகம் வெள்ளையாக்கிற கிரீம் பத்தி எனக்கு உண்மையாவே கவலை இருக்கு. லேபல்ல செய்த கம்பனி இல்ல, விலாசம் இல்ல, சேர்மானம் இல்ல, சின்ன டப்பால வருது, கமிசன் நல்லம் எண்டு எங்கட பொம்பிளப் பிள்ளைகள் வீட்டில இருந்து விக்குதுகள். இதுகள்ல பாதரசம் இருக்கிறது பல நாடுகள்ல கண்டுபிடிச்ச விசயம், பாதரசம் சேத்த அழகுசாதனத்த நிப்பாட்டணும் எண்டு பாதரசத்தக் கட்டுப்படுத்துற சர்வதேச மினமாட்டா உடன்படிக்கைலயே இருக்கு, இலங்கையும் அதில சேந்த நாடு. சிறுநீரகத்த அடிக்கிற சாமான். ஆர் செய்தது எண்டு தெரியாத கிரீம விக்காதீங்க.

கடல் சாமான்: நிலாவெளி, உப்புவெளி கரைல பொறுக்கினது தானே எண்டு முருகைக்கல், ஆமை ஓடு, அதில செய்த மாலை, அலங்காரச் சாமான் போடக் கூடாது. 1937ஆம் ஆண்டு வன விலங்கு தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தில முருகைக்கல்லும் கடலாமையும் பாதுகாக்கப்பட்டது, சில சிப்பி சங்கு வகைகளும் அதில இருக்கு. நிலாவெளிக்கு முன்னால கடல்ல இருக்கிற புறாமலைத் தீவு 2003ல இருந்து தேசியப் பூங்கா, அங்க இருந்து ஒரு துண்டு கூட எடுக்க ஏலாது. எந்தச் சிப்பி விக்கலாம் எண்டு சந்தேகம் எண்டா வனஜீவராசிகள் ஒபிஸ்ல கொண்டு போய்க் காட்டிக் கேட்டிட்டுப் போடுங்க.

வரி

டி.ஐ.என் நம்பர், வரி கட்டுற ஆளுக்குரிய அடையாள இலக்கம், எடுத்து வைச்சிருங்க, உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தில ஒன்லைன்லயே எடுக்கலாம். நம்பர் எடுத்த உடன வரி கட்டணும் எண்டு இல்ல, 2025 ஏப்ரல்ல இருந்து வருசத்துக்கு 18 லட்சம் வரைக்கும் தனிநபர் வருமானத்துக்கு விலக்கு இருக்கு. வற் (பெறுமதி சேர் வரி) 2024 ஜனவரில இருந்து 18 வீதம், அது குறிச்ச எல்லைக்கு மேல வியாபாரம் செய்யிற, பதிஞ்ச ஆக்களுக்கு. நீங்க பதியாம பில்லில வற் எண்டு ஒரு வரி போட்டுக் காசு வாங்க ஏலாது.

வித்த பிறகு

"வித்த சாமான் திருப்பி எடுக்கப்பட மாட்டாது" எண்டு கொட்டையா எழுதினா எல்லாம் முடிஞ்சுது எண்டு நினைக்காதீங்க. சாமான் வாங்கின நோக்கத்துக்குப் பாவிக்கக்கூடியதா இருக்கணும் எண்டுற உத்தரவாதம் நீங்க எழுதாட்டியும் சட்டத்தில இருக்கு. வாங்கின ஆள் மூண்டு மாசத்துக்குள்ள பாவனையாளர் அதிகார சபைக்கு எழுத்தில முறைப்பாடு குடுக்கலாம், அவங்கட 1977 எண்ட போன் நம்பருக்கும் அடிக்கலாம். அதால திருப்பி எடுக்கிற முறைய முதல்லயே எழுதுங்க: எத்தின நாள், ஆர் கூரியர் காசு கட்டுறது, சாப்பாட்டுச் சாமான் உடைச்சா என்ன மாதிரி. பில் ஒவ்வொரு பார்சலுக்குள்ளயும் வையுங்க, கொப்பி உங்களிட்ட இருக்கட்டும். வட்ஸ்அப்ல ஓம் எண்டு சொன்னதும் ஒப்பந்தம்தான், 2006ஆம் ஆண்டு 19ஆம் இலக்க மின்னணு கொடுக்கல் வாங்கல் சட்டம் இருக்கு, அதால விலைய அதில மாத்தி மாத்திக் கதைக்காதீங்க. வாங்கின ஆக்கள்ட போன் நம்பர், விலாசம் அவங்கட பார்சலுக்குத் தந்தது, இன்னொரு கடைக்காரருக்குக் குடுக்கிறது பிழை, 2022ல தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புக்கும் சட்டம் வந்திருக்கு.

லண்டன் கனடாவில இருக்கிற சொந்தக்காரர் கேக்கிறாங்க எண்டு வெளிய அனுப்பப் போறீங்க எண்டா அது தனிக் கதை, அந்த நாட்டுச் சட்டம் வரும். கனடாவில சாப்பாட்டு லேபல் இங்கிலீஷ்லயும் பிரெஞ்சுலயும் வேணும், அமெரிக்காவுக்கு எண்டா உணவு மருந்து நிர்வாகத்துக்கு முன்கூட்டியே அறிவிக்கணும், ஐரோப்பிய ஒன்றியத்தில 2024 டிசம்பர் 13ல இருந்து சாப்பாடு இல்லாத சாமானுக்கும் அங்க ஒரு பொறுப்பாளரக் காட்டணும். முதல் ஒரு வருசம் ஊருக்குள்ள வித்துப் பழகுங்க.

நான் இப்ப செய்யிற ஒழுங்க மட்டும் சொல்லிர்றன். புதுப் பொருள் எண்டா முதல் பி.எச்.ஐ ஐயாவோட கதைக்கிறது, பிறகு லேபல பேப்பர்ல பேனையால கீறி அவருக்குக் காட்டுறது, பிறகு பத்தே பத்து லேபல் வீட்டு பிரிண்டர்ல எடுத்து ஒட்டிப் பாக்கிறது, கடைசியாத்தான் அச்சகம், அதுக்கும் பிறகுதான் லிஸ்டிங். பைல் ஒண்டு இருக்கு, வியாபாரப் பதிவு, எம்.ஓ.எச் பதிவு, சபை அனுமதிப்பத்திரம், தராசுச் சான்று, ஐ.டி.ஐ அறிக்கை, ஒவ்வொண்டின்ர முதல் பக்கத்திலயும் முடியிற திகதிய சிவப்புப் பேனையால எழுதியிருக்கிறன். டிசம்பர் முதல் கிழமை அந்த பைல எடுத்துக்கொண்டு பிரதேச செயலகம், சபை எண்டு ஒரு சுத்து, ஜனவரி பொங்கல் ஓடருக்கு முதல் எல்லாம் புதுசா இருக்கும்.